முனீஸ்வரன் சங்கிலியில் ஏழாம் நம்பர் பூட்டு

கும்மிடிப்பூண்டி,
11-11-1973, ஞாயிறு காலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஆதிநாராயணன் அவர்களுக்கு, நேரில் பார்த்துப் பேசத் தைரியமில்லாத அப்பாவு இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. (கூப்பிய கையால் எழுத முடியாது என்பது தெரியும். எழுதி முடித்ததும் கூப்பிக்கொள்கிறேன்.) இவ்விடம் என் ஒருவனைத் தவிர எல்லாரும் சுகம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மா லட்சுமியம்மாளும், மாப்பிள்ளை சின்னதுரையும், கறவை மாடுகளும் சுகமாயிருக்க ஏரிக்கரை முனீஸ்வரனை வேண்டலாம் என்றால், அவர் முகத்தில் விழிக்கவும் இப்போது எனக்கு வழியில்லை. ஆகையால் திருத்தணி முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

சுற்றி வளைத்துப் பேசினால் நடுவிலேயே என் தைரியம் போய்விடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கள் மறுபடியும் சாராயக் கடைப் பக்கம் போனீர்களே, அது தங்கள் குற்றமில்லை. என் குற்றம். தங்கள் பூட்டைத் திறந்துவிட்டவன் நான்தான். இதைப் படித்ததும் தங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கிழியுங்கள். பாதியில் கிழித்தால் என் மகள் சந்திரகலாவின் கல்யாணமும் அதோடு கிழிந்துவிடும்.

தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் முறையாகச் சொல்ல வேண்டும் என்பதால் ஆவணி மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தட்டு மாற்றுவதற்கு முதல் நாள் என் மனைவி மணியம்மாள் பிடிவாதமாக நின்றாள். “புள்ள நல்ல புள்ள, ஒத்துக்கிறேன். மாமனாரு குடிச்சிட்டு ரோட்டுல வுழுந்து கெடந்தா என் பொண்ணு தானே போய்த் தூக்கிக்கினு வரணும்? அவுரு குடிய உடட்டும், நான் பொண்ணக் குடுக்கிறேன்” என்றாள். தாங்களும் பெருந்தன்மையாக, “முனிக்குப் பூட்டுப் போட்டுடறேன்” என்றீர்கள். நம் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சேது? ஒரு புதுப் பூட்டை வாங்கி, விட்டுவிட வேண்டியதை அதன் சாவித் துவாரத்தில் வாய் வைத்துச் சொல்லி, முனீஸ்வரன் சூலத்தைச் சுற்றியிருக்கும் சங்கிலியில் மாட்டிப் பூட்டி, சாவியை ஏரியில் எறிந்துவிட்டால் தீர்ந்தது. எத்தனை பேருடைய பீடி, எத்தனை பேருடைய சீட்டாட்டம், எத்தனை மருமகள்களின் வாய் அந்தச் சங்கிலியில் துருப்பிடித்துத் தொங்குகிறது! ஒன்றும் வெளியே வந்ததாகக் கேள்வியில்லை. மணியம்மாள் அப்போதும் விடவில்லை. “கடையில விக்கிற பூட்டு இவுரு குடிக்குத் தாங்காது. உங்க கம்பெனியில இருக்கிறதுலயே கெட்டியா ஒண்ணு எடுத்துக்கினு வாங்க” என்றாள். (மன்னிக்க வேண்டும், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.) நான் அபயா லாக் ஒர்க்ஸில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறவன் என்ற உரிமையில் மானேஜரிடம் கேட்டு, அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஏழாம் நம்பர் பூட்டை வாங்கி வந்து தங்கள் கையில் கொடுத்தேன். தாங்கள் அதன் துவாரத்தில் ஏதோ சொன்னீர்கள், நான் மரியாதைக்குத் திரும்பி நின்றுகொண்டேன். பூட்டினீர்கள், எறிந்தீர்கள், ஏரியில் ‘களுக்’ என்று கேட்டது. மறுநாள் தட்டு மாற்றினோம். அதோடு சுபமாக முடிந்திருக்க வேண்டியது. முடியவிடாமல் செய்தது என் பயம்.

நான் பயந்த சுபாவம் என்பது தங்களுக்கு ஓரளவு தெரியும், முழு அளவு தெரியாது. தந்திக்காரன் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் எனக்கு வியர்த்துவிடும். கம்பெனிச் சங்கு தினமும் எட்டு மணிக்கு ஊதும் என்று தெரிந்தும் தினமும் எட்டு மணிக்குத் தூக்கிவாரிப் போடும். போதாததற்கு என் வேலையே பயத்துக்குத் தீனி போடுகிற வேலை. பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு பூட்டையும் பூட்டி ஒருமுறை பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும், திறந்துகொள்ளாவிட்டால் சரி. ஒரு நாளைக்கு நானூறு தடவை ‘இது திறந்துகொள்ளுமோ’ என்று சந்தேகப்படுகிறவனுக்கு வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் நின்றுவிடுமா? வாசலைப் பூட்டி இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன், இழுத்த இழுப்பில் போன வருஷம் நாதாங்கியே கையோடு வந்துவிட்டது. படபடப்பு அதிகமாகி டாக்டரிடம் போனேன். “மனசை வேறு பக்கம் திருப்புங்க, ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்கங்க, தபால் தலை சேருங்க” என்றார். தபால் என்றாலே எனக்குத் தந்தி ஞாபகம் வந்துவிடுகிறது, அது சரிப்படவில்லை.

அப்போது எங்கள் டூல் ரூமில் இருக்கும் தேசப்பன் ஒரு யோசனை சொன்னான். அவன் என் வயதுக்காரன், இருபது வருஷமாகத் துளி நடுக்கமில்லாத கை. “இன்னா அப்பாவு, பூட்டு தெறந்துக்குமோன்னு தானே பேஜாரு படுற? அது எப்டித் தெறக்குதுன்னு நீயே கத்துக்கோ, பயம் பூடும்” என்றான். கழிவில் போட்ட ஒரு நாலாம் நம்பர் பூட்டை நெடுக்காக அறுத்துக் காட்டினான். உள்ளே ஓர் உருளை, அதைத் திரும்பவிடாமல் மேலிருந்து ஸ்பிரிங் அழுத்தத்தில் இறங்கி நிற்கும் ஐந்து முள். சரியான சாவி போனால் ஐந்தும் அததன் உயரத்துக்கு எழும்பி வழிவிடும், உருளை திரும்பும். சாவி இல்லாவிட்டால் ஒரு கம்பியால் உருளையை இலேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் முள்ளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று சொல்லிவிட்டு நிற்கும். என் பழைய குடையின் கம்பி இரண்டை உடைத்து அரத்தில் தேய்த்து எடுத்துக்கொண்டு, தேசப்பன் கொடுத்த கழிவுப் பூட்டுகளை வைத்து மூன்று வாரம் குளியலறையில் தாழிட்டுக்கொண்டு பழகினேன். சம்பந்தி, தங்களிடம் ஒளிக்க மாட்டேன், முதல் பூட்டு திறந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். மணியம்மாள் வெளியே நின்று, “வயிறு சரியில்லையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆனால் பயம் போகவில்லை, அதிகமானது. முன்பாவது பூட்டு திறந்துகொள்ளுமோ என்று சந்தேகம்தான் இருந்தது, இப்போது திறக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. ரேஷன் கடையைப் பார்த்தால் இரண்டு நிமிஷம், கூட்டுறவு சங்கத்தைப் பார்த்தால் நாலு நிமிஷம் என்று மனசு கணக்குப் போடும், உடனே அதை நினைத்ததற்காகவே போலீஸ் பிடித்துக்கொள்ளுமோ என்று எதிர்ப்பக்கம் போய் நடப்பேன். கம்பிகளை வீட்டில் வைக்கப் பயம், வெளியே எடுத்துப் போகவும் பயம். கடைசியில் மணியம்மாள் தைத்துக் கொடுத்த காக்கிச் சுருக்குப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பையில் ‘அப்பாவு, பேக்கிங்’ என்று என் பெயரை வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன், தொலைந்துவிடுமோ என்ற பயத்தில்.

ஏழாம் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். அதை யாராலும் அப்படித் திறக்க முடியாது என்று கம்பெனியே சொல்கிறது. அதில் முள் நேராக இராது, இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். கம்பியால் தூக்கினால் அந்த ஒடுங்கின இடத்தில் மாட்டிக்கொண்டு, உருளையைக் கொஞ்சம் திரும்பவிடும். திறந்துவிட்டது என்று நாம் பல்லைக் காட்டுவோம். திறந்திருக்காது. அங்கிருந்து எவ்வளவு பலமாகத் திருப்பினாலும் அவ்வளவு இறுகும். திருப்புகிற கையை ஒரு மயிரிழை தளர்த்தி, உருளை கொஞ்சம் பின்னால் போனாலும் போகட்டும் என்று விட்டால்தான் முள் இடுப்பிலிருந்து கழன்று மேலே போகும். அதிகமாகத் தளர்த்தினால் ஐந்தும் தொபுக்கென்று விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. தேசப்பன் டூல் ரூமில் ஒரு மாதம் முயன்று பார்த்து, “இது மனுசன் தெறக்கிற பூட்டு இல்லப்பா” என்று கம்பியைக் கீழே போட்டுவிட்டான். அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு வினையாக முடிந்தது. ஒரே ஒரு தடவை என் கையால் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் பூட்டுக்கு எங்கே போவேன்? டூல் ரூமுக்குள் எனக்கு வேலையில்லை. கேட்டைத் தாண்டி எடுத்து வந்தால் திருட்டு. மானேஜரிடம் இரண்டாவது பூட்டுக் கேட்டால், “எதுக்கய்யா உனக்கு இத்தனை பூட்டு?” என்று கேட்பார், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஏழாம் நம்பர் இன்னும் கடைகளுக்கு வரவில்லை. கம்பெனிக்கு வெளியே இந்தத் தாலுகாவில் ஒரே ஒரு ஏழாம் நம்பர்தான் இருந்தது. அது எங்கே தொங்கியது என்பது தங்களுக்குத் தெரியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், திறக்க வேண்டும் என்று நான் போகவில்லை. தொட்டுப் பார்க்க, பாதி வரை திரும்புகிறதா என்று பார்க்க, அவ்வளவுதான். ஆறு ஞாயிற்றுக்கிழமை போனேன். “பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு முனியைச் சுத்திட்டு வரேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் போய் இறங்கி, மத்தியான நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது குடையை விரித்துச் சாய்த்து மறைத்துக்கொண்டு சங்கிலி ஓரம் உட்கார்ந்துகொள்வேன். போகும்போதெல்லாம் முனீஸ்வரனிடம், “திறக்க மாட்டேன் சாமி, சும்மா பாக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆறு வாரமும் அது பாதி திரும்பி நின்று என்னை ஏமாற்றியது. ஏமாந்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

போன ஞாயிறு, நவம்பர் நாலாம் தேதி, மழை இருட்டிக்கொண்டிருந்தது. உருளை வழக்கம்போலப் பாதி திரும்பி நின்றது. அந்த நேரம் பார்த்து ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் இடி விழுந்ததே, தங்கள் ஊரிலும் கேட்டிருக்கும். என் கை நடுங்கிப் போயிற்று. அந்த நடுக்கத்தில் ஒரு மயிரிழை தளர்ந்தது, ‘டிக்’ என்றது. பயத்தில் மறுபடி நடுங்கினேன், மறுபடி ‘டிக்’. சம்பந்தி, தேசப்பனுடைய ஆடாத கையால் முடியாததை என் பயந்த கை நாலு நடுக்கத்தில் முடித்துவிட்டது. பூட்டின் வளையம் ‘டக்’கென்று துள்ளி எழுந்து என்னை அண்ணாந்து பார்த்தது. உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. துரு வாசனைதான் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், அப்போது அது சாராய வாசனையாகவே பட்டது.

முதலில் கம்பிகளை மறைக்க வேண்டும் என்று தோன்றியது. அவற்றைப் பைக்குள் போட்டேன், சுருக்கை இழுத்தேன், தரை ஈரமாயிருந்ததால் பையைச் சங்கிலியிலேயே மாட்டினேன். பிறகு, தங்கள் சமாச்சாரம் முழுக்க வெளியே போவதற்குள் மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைச் சங்கிலியில் கோத்து ஓங்கி அழுத்தினேன். பூட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் சங்கிலியோடு சேர்த்து என் பையின் சுருக்குக் கயிற்றையும் பூட்டியிருக்கிறேன். சுருக்கு இறுகி ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. திறக்க வேண்டிய கம்பி பைக்குள். கயிற்றை அறுத்திருக்கலாமே என்பீர்கள். நகம் வெட்டுகிற பிளேடு ஒன்று வைத்திருந்தேன், அதுவும் பைக்குள். பல்லால் கடித்துப் பார்த்தேன். மணியம்மாள் எதையும் உறுதியாகத்தான் தைப்பாள்.

நான் முனீஸ்வரன் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பூசாரி துலுக்காணம் இரண்டு பெண்களோடு வந்து சேர்ந்தார். பொங்கல் வைக்க வந்தவர்களாம். “இன்னா நைனா, சங்கிலியைக் கடிச்சிக்கினு கீற?” என்று கேட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, முத்தம் கொடுத்தேன் என்றேன். “அது யாரு பையி?” என்றார். என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்போது நான் என்ன சொல்ல முடியும்? “என்னுதுதான். வேண்டுதல்” என்றேன். “இன்னா வேண்டுதல்? உள்ள இன்னா கீது?” சாப்பாட்டு டப்பா என்றேன். அவர் அப்படியே கையைத் தலைக்கு மேல் கூப்பிவிட்டார். “ஏம்மா, பாத்துக்கோங்க! பீடியைப் பூட்டுனவன் உண்டு, சூதைப் பூட்டுனவன் உண்டு. இந்த மனுசன் மத்தியானச் சோத்தையே பூட்டிட்டாருமா!” என்று கத்தினார். அந்தப் பெண்கள் என் காலில் விழுந்தார்கள். என் பைக்குக் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ சாத்தி, கற்பூரம் காட்டினார்கள். உள்ளே வெந்தயக் குழம்புச் சோறும் இரண்டு குடைக்கம்பியும் இருந்தன.

அன்றிலிருந்து நான் மத்தியானம் சாப்பிடுவதில்லை. சாப்பிட முடியாது. துலுக்காணத்தின் அக்காள் மகன் எங்கள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். திங்கட்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டரை மணிக்கு எல்லாரும் டப்பாவைத் திறக்கும்போது நான் குழாயடியில் நின்று தண்ணீர் குடிக்கிறேன், அதைப் பார்த்து நாலு பேர் கும்பிடுகிறார்கள். வீட்டில் மணியம்மாள், பெண்ணின் கல்யாணத்துக்காக நான் விரதம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ராத்திரிக்கு எனக்கு நெய் அதிகமாக விடுகிறாள். அந்த நெய்தான் எனக்கு உறுத்துகிறது. பசி அவ்வளவு உறுத்தவில்லை.

இதெல்லாம் என்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். புதன்கிழமை தேசப்பனின் மச்சான், லாரி ஓட்டுகிறவன், எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தங்களை ஊத்துக்கோட்டை சாராயக் கடை வாசலில் பார்த்ததாகச் சொன்னான். தாங்கள் ஒரு கரும்பு வண்டியின் மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தீர்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் திறந்தேன், புதன்கிழமைக்குள் அது தங்களைத் தேடி வந்து பிடித்துக்கொண்டுவிட்டது. பத்து எண்ணுகிற நேரம்கூட பூட்டு திறந்திருக்கவில்லையே! அதற்குள் எவ்வளவு வெளியே போயிருக்கும்? பாதியா, முக்காலா? இதை யாரிடம் கேட்பது?

மணியம்மாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். “முனிக்கே டபாய்ச்சவன் ஊட்டுக்கு என் பொண்ணு போவ மாட்டா. தட்டைத் திருப்பி அனுப்பிடலாம்” என்றாள். “கொஞ்சம் பொறு” என்றேன். “எதுக்குப் பொறுக்கணும்? இன்னா காரணம் சொல்லுங்க” என்றாள். காரணம் என் தொண்டை வரை வந்தது. சொன்னால், புருஷன் கள்ளச் சாவிக்காரன் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், பூட்டுக் கம்பெனியில் ஒரு பூட்டுத் திறக்கிறவனுக்கு எத்தனை நாள் வேலை இருக்கும்? விழுங்கிவிட்டேன். தை பன்னிரண்டாம் தேதிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை மஞ்சள் தடவி அச்சாபீசுக்குப் போகத் தயாராக அலமாரியில் இருந்தது. அதை மணியம்மாள் எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். வியாழக்கிழமை நான் கிளம்பும்போது சந்திரகலா செருப்பை எடுத்து வைத்துவிட்டு, “நைனா, நீ ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேக்கும்” என்றாள். அவ்வளவுதான். அவளுக்குச் சின்னதுரையைப் பிடித்திருக்கிறது, அதை இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் தகப்பனிடம் எப்படிச் சொல்வாள்? நான் சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், சங்கு ஊதிவிடும் என்று சொல்லிவிட்டு ஓடினேன். சம்பந்தி, என் வாழ்க்கையில் நான் பயந்ததற்காக எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறேன். அன்றைக்குப் பட்ட மாதிரி பட்டதில்லை.

ஆகவே தங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்வது. தாங்கள் தங்களைக் குடிகாரன் என்று நினைத்து மனம் தளரக் கூடாது. தாங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அதைத் திறந்துவிட்ட பாவம் என்னுடையது. அடுத்த ஞாயிறு தாங்கள் ஊத்துக்கோட்டையில் வேறு ஒரு பூட்டை வாங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்து, மறுபடி ஒருமுறை சொல்லிப் பூட்டிவிட வேண்டும். அது எந்தக் கம்பெனி, எத்தனை முள் என்று தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம். மணியம்மாளிடம் இந்த விஷயம் முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். அவசியம் வந்தால் இந்தக் கடிதத்தையே அவளிடம் படித்துக் காட்டலாம், நான் வீட்டில் இல்லாத சமயமாகப் பார்த்து.

சம்பந்தியம்மா லட்சுமியம்மாளுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் சொல்லவும். பயந்தவன் ஆசி பலிக்குமோ என்று சந்தேகம் வேண்டாம், மனசார எழுதுகிறேன். கையைக் கூப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
அப்பாவு.

பின்குறிப்பு: அதே நாள், சாயங்காலம்.

மேற்படி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டிக்குக் கிளம்பினேன், வாசலில் நீங்கள் நின்றீர்கள். இனிமேல் ‘தாங்கள்’ என்று எழுத எனக்கு வரவில்லை, மன்னிக்கவும். மழையில் முழுக்க நனைந்திருந்தீர்கள். உள்ளே வந்து, மணியம்மாள் நிற்பதையும் பார்க்காமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். “சம்மந்தி, நான் முனியை ஏமாத்திட்டேன். அன்னிக்கு ஏரியில ஒரு சாவியத் தான் போட்டேன். இன்னொண்ணு அர்ணாக்கவுத்துலயே கட்டிக்கினு இருந்தேன்” என்றீர்கள். நான் பதினொரு வருஷமாக ஒவ்வொரு பூட்டோடும் இரண்டு சாவியைச் சேர்த்துக் கட்டிப் பெட்டியில் போடுகிறவன். அன்றைக்கு ஏரியில் ஒரு ‘களுக்’தான் கேட்டது. எனக்கு உறைக்கவேயில்லை.

“சனிக்கெழம சனிக்கெழம சாயந்தரம் போய்த் தெறப்பேன். பூட்டு தெறந்து தானே கீது, இப்ப குடிச்சா குத்தமில்லன்னு போய் ரெண்டு கிளாஸ் ஊத்திக்கினு வந்து, மறுபடி வாய வெச்சிச் சொல்லிப் பூட்டிடுவேன். போன வாரம் வரைக்கும் அப்டித்தான்” என்றீர்கள். லாரிக்காரன் உங்களைப் பார்த்தது அந்தச் சனிக்கிழமை. நான் திறந்தது அதற்கு மறுநாள். எந்தக் கிழமை பார்த்தாய் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு உங்கள் குரல் இறங்கிப் போயிற்று. “நேத்து போறேன். என் பூட்டுல உங்க பையி தொங்குது. பொட்டும் பூவுமா. சாவி என் இடுப்புல கீது, சம்மந்தி. இன்னொரு சாவி ஏரில கீது. பூட்டத் தெறந்து உங்க பையை மாட்டுனது யாரு? பூசாரியக் கேட்டா, நீங்க மத்தியானச் சோத்த உட்டுட்டீங்கன்னு சொல்றான். கடைப் பக்கம் திரும்பாம வந்துட்டேன். இனிமே அந்த வாசன பட்டாலே எனக்கு உசுரு பூடும்” என்று சொல்லிவிட்டு, அர்ணாக்கயிற்றை அறுத்துச் சாவியை என் கையில் வைத்தீர்கள். “இத நீங்களே வெச்சிக்கோங்க” என்றீர்கள். மணியம்மாள் உங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “முனி இஷ்டம்” என்று சொல்லிவிட்டு உங்களுக்கு இலை போட்டாள். பெட்டிக்கு அடியிலிருந்து பத்திரிகையை எடுத்துச் சந்திரகலா அலமாரியில் வைத்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி ஒன்று. என் இலையில் ஒன்றும் இல்லை. “எனக்கோசரமா?” என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். நீங்கள் அழுதுவிட்டீர்கள். பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் ஆட்டினேன், இப்போது எழுதும்போது அது பொய்யாகத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் இந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், உங்கள் பூட்டைத் திறந்தது முனி இல்லை, பேக்கிங் செக்‌ஷன் ஆள்தான் என்று தெரிந்து உங்கள் பயம் போய்விடும். பயம் போனால் அடுத்த சனிக்கிழமை நீங்கள் எங்கே போவீர்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கொடுக்கவில்லை. தை பன்னிரண்டுக்கு முன்னால் இன்னும் பத்துச் சனிக்கிழமை இருக்கிறது, அதற்குப் பிறகு எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் நான் உங்களுக்காகப் பயப்பட வேண்டியிருக்கும், பழக்கமான வேலைதான். சாவி என்னிடம் இருக்கிறது, ஆனால் பையை நான் எடுக்கப் போவதில்லை. எடுத்தால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள்.

நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு மணியம்மாள் வந்து, “காலையில இருந்து இன்னா எழுதிக்கினு கீறீங்க?” என்று கேட்டாள். சம்பந்திக்கு ஒரு கடிதம் என்றேன். “அவுரு தான் வந்துட்டுப் பூட்டாரே, அடுப்புல போடுங்க” என்றாள். வெந்நீருக்கு அடுப்பு மூட்டியிருக்கிறாள், கூப்பிடுகிறாள். இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.